பால்ய சிநேகமும் பெரியோர் கடனும்

1944ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி காலை, பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே ஃபொன்தேன்ப்ளோ காட்டை ஒட்டிய ஆவோன் என்னும் சிற்றூரில், கார்மேல் சபைத் துறவிகள் நடத்திவந்த ஓர் உறைவிடப் பள்ளிக்குள் ஜெர்மானிய இரகசியப் போலீஸாரான கெஸ்டாபோக்காரர்கள் புகுந்தார்கள். பொய்ப் பெயர்களில் அங்கே படித்துவந்த மூன்று யூதச் சிறுவர்களையும், அவர்களுக்கு அபயம் அளித்திருந்த தலைமையாசிரியரான பாதிரியாரையும் கைது செய்து கொண்டுபோனார்கள். அன்று அந்தப் பள்ளியில் பதினோரு வயது மாணவனாக இருந்து அந்தக் காட்சியை நேரில் கண்ட ஒருவர், பிற்காலத்தில் உலகம் மதிக்கும் திரைப்பட இயக்குநராக உயர்ந்தார். எத்தனையோ கதைகளைப் படமாக்கிய பிறகும் அந்த ஒரு காலை வேளையைத் தொடத் துணியாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சில் சுமந்திருந்து, கடைசியில் 1987ஆம் ஆண்டில் அதைப் படமாக எடுத்தார். அவர் பெயர் லூயி மால். படத்தின் பெயர் ‘ஓ ரெவ்வார் லே ஸான்ஃபான்’. ‘விடை பெறுகிறேன், குழந்தைகளே’ என்பது அதன் பொருள்.

லூயி மால் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1968ஆம் ஆண்டில் சில மாதங்கள் இந்தியா முழுவதும் காமிராவோடு சுற்றி, ஏழு பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட ஆவணப்படத்தை அவர் தயாரித்தார். அதன் ஒரு பகுதி முழுவதும் சென்னையைப் பற்றியது. மயிலாப்பூரில் ஜனசமுத்திரத்தினிடையே தேர் அசைந்து வருவதும், கலாக்ஷேத்ரத்தில் மாணவிகள் நாட்டியம் பயில்வதும் அதில் இடம் பெற்றன. மற்றொரு பகுதியில் கொச்சியில் வாழ்ந்த யூதர்களை அவர் சந்திக்கிறார். அந்த யூதர்களின் முன்னோர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே நிலம் தந்திருந்தார். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த ஜெபாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. தம் பள்ளியிலிருந்து யூதச் சிறுவர்கள் இழுத்துச் செல்லப்பட்டதைக் கண்ட கண்கள், யூதர்கள் அரசரின் ஆதரவில் பல நூற்றாண்டுகள் குடியிருந்த தெருவையும் கண்டன என்பது நினைக்கத் தக்க ஒரு விசேஷம்.

படத்தின் கதை மிக எளியது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, செல்வக் குடும்பத்துப் பிள்ளையாகிய ழூலியன் அன்னையைப் பிரிய மனமில்லாமல் பள்ளிக்குத் திரும்புகிறான். அவன் வகுப்பில் ழான் பொனே என்ற புதிய மாணவன் ஒருவன் வந்து சேர்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், பியானோ வாசிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன், தன்னைப் பற்றி வாய் திறக்காதவன். இதுவரை வகுப்பில் முதல்வனாக இருந்த ழூலியனுக்கு அவன்மேல் முதலில் பிறப்பது பொறாமைதான். புதிய பையனைச் சீண்டுவது, படுக்கையில் குறும்பு செய்வது, பெயரைச் சொல்லிக் கேலி பேசுவது என்று எந்தப் பள்ளியிலும் நடக்கும் காரியங்கள் அங்கேயும் நடக்கின்றன. லூயி மால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் காட்டுகிறார். குளிரில் விறைத்த கைகள், வீட்டிலிருந்து வந்த ஜாம் புட்டியைப் பண்டமாற்றாக்கும் சாமர்த்தியம், விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நிலவறைக்குள் ஓடும்போதும் நிற்காத பாடம், சாப்பாட்டு மண்டபத்தின் இரைச்சல் ஆகிய யாவும் நம் கண்முன் பிரத்தியட்சமாக நிகழ்கின்றன.

பிறகு ஓர் இரவு ழூலியன் விழித்துப் பார்க்கையில், பொனே தன் கட்டிலருகே இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்து, தலையில் தொப்பி அணிந்து, புரியாத ஒரு மொழியில் ஏதோ ஜபிப்பதைக் காண்கிறான். இன்னொரு நாள் பொனேயின் அலமாரியைத் துழாவி ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறான். அதில் எழுதப்பட்டிருந்த உண்மைப் பெயர் வேறு. யூதர் என்றால் யார், அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று ழூலியன் தன் அண்ணனிடம் கேட்கிறான். கிடைக்கும் பதில் ஒன்றும் அவனுக்குப் போதவில்லை. கல்வியின் உண்மையான ஆரம்பம் அந்தப் போதாமையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிநேகம் சட்டென்று மலர்வதில்லை. காட்டில் நடக்கும் புதையல் விளையாட்டில் இருவரும் வழி தப்பி, இருள் கவிந்த பாறைகளுக்கிடையே ஒருவரையொருவர் கண்டுகொண்டு, சாலையில் வந்த ஜெர்மானிய வீரர்களின் கையில் அகப்பட்டு, பள்ளிக்குத் திரும்புகிறார்கள். அந்த வீரர்களோ நடுங்கும் பிள்ளைகளுக்குக் கம்பளி போர்த்திப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த இரவுக்குப் பின் இருவருக்கும் பாஷை ஒன்றாகிவிடுகிறது. மற்றவர்கள் பதுங்கறைக்குப் போனபின் ஒரே பியானோவின் முன் நான்கு கைகளால் துள்ளிசை வாசிக்கிறார்கள். எல்லோரும் உறங்கியபின் ஆயிரத்தோர் இரவுகள் கதையைச் சேர்ந்து படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சாப்ளினின் மௌனப்படம் திரையிடப்படுகிறது. பாதிரியார்களும் பிள்ளைகளும் சமையற்கட்டுப் பையனும் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். படத்தில் எல்லோரும் ஒரே குடும்பமாகத் தோன்றும் ஒரே கணம் அது.

அதன்பின் வரும் காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. கதவு திறந்து கெஸ்டாபோ அதிகாரி உள்ளே வந்து, பொனேயின் உண்மைப் பெயரைச் சொல்லி, அந்த மாணவன் யார் என்று கேட்கிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் சுவரில் தொங்கும் யுத்த வரைபடத்தின் அருகே சென்று, நேச நாட்டுப் படைகள் முன்னேறிய இடங்களைக் குறிக்கச் செருகியிருந்த சிறு கொடிகளைப் பிடுங்கி எறிகிறான். அவன் முதுகு திரும்பியிருந்த அந்த இமைப்பொழுதில், ழூலியனின் கண்கள் தன்னையறியாமல் நண்பன் பக்கம் போய்த் திரும்புகின்றன. அதற்குள் அதிகாரி திரும்பிவிட்டான். அந்தப் பார்வை போன வழியே நடந்து சென்று பொனேயின் முன் நிற்கிறான். பொனே அழவில்லை, ஓடவில்லை. புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, அருகிலிருந்தவர்களிடம் கைகுலுக்கி விடைபெறுகிறான். பிறகு துணிமணிகளை எடுக்க வந்த இடத்தில், தன்னை எப்படியும் பிடித்திருப்பார்கள் என்று சொல்லி ழூலியனைத் தேற்றுகிறவனும் அவன்தான்.

அன்பு மிகுந்த ஒரு பார்வையே காட்டிக்கொடுக்கும் பார்வையாக மாறிவிடுகிற இந்தக் கொடுமையை, தமக்கு நேர்ந்ததாக லூயி மால் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையில் அந்த மாணவனோடு தமக்கு அவ்வளவு நெருங்கிய சிநேகம் இருந்ததில்லை என்றும், அந்தப் பார்வை தம் கற்பனை என்றும் அவர் பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறியிருக்கிறார். ஆயினும் அதைப் பொய் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கொடுமையை அருகிலிருந்து பார்த்து ஒன்றும் செய்ய இயலாமல் நின்ற பிள்ளை, வாழ்நாள் முழுவதும் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருக்கும் விசாரணையின் உருவம் அந்தக் காட்சி. படத்தின் இறுதியில் இயக்குநரே தம் சொந்தக் குரலில், ஆண்டுகள் பல சென்றும் அந்த ஜனவரிக் காலையின் ஒவ்வொரு கணமும் சாகும்வரை தமக்கு மறவாது என்று கூறுகிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கப் பரிசும், பிரான்ஸ் தேசத்தின் ஏழு சேசார் விருதுகளும் இந்தப் படத்துக்குக் கிடைத்தன.

கற்பனைக்கு அடியில் இருக்கும் சரித்திரம் இது. ழான் பொனே என்ற பொய்ப் பெயரில் படித்த சிறுவனின் உண்மைப் பெயர் ஹான்ஸ் ஹெல்முட் மிஷெல். அவனோடு கைதான மற்ற இருவர் ழாக் அல்பெர்ன், மோரீஸ் ஷ்லோசர். மூவரும் 1944 பிப்ரவரி 3ஆம் தேதி, பாரிஸுக்கு அருகிலுள்ள திரான்சி முகாமிலிருந்து புறப்பட்ட ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கொல்லப்பட்டார்கள். தலைமையாசிரியரான பாதிரியார் ழாக், சிறைகளையும் முகாம்களையும் கடந்து மௌத்தௌசனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1945 மே மாதம் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தபோது அவர் உயிரோடிருந்தார். ஆனால் உடல் முற்றும் உருக்குலைந்திருந்தமையால், ஜூன் 2ஆம் தேதி லின்ஸ் நகரில் காலமானார். யூதர்களைக் காத்த பிற மதத்தினரைக் கௌரவிக்கும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் 1985இல் அவரை அந்த நல்லோர் வரிசையில் சேர்த்தது.

இந்தப் பாதகம் ஒரு நாளில் விளைந்ததன்று. பிரான்ஸ் தோற்றபின் அமைந்த விஷி அரசாங்கம், 1940 அக்டோபர் 3ஆம் தேதியே யூதர்களை அரசுப் பதவி, ஆசிரியத் தொழில் முதலியவற்றிலிருந்து விலக்கும் சட்டத்தைப் பிறப்பித்தது. யூதர்கள் போலீஸ் நிலையங்களுக்குச் சென்று தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று உத்தரவாயிற்று. 1942 ஜூன் மாதம் முதல், ஜெர்மானியர் வசமிருந்த பகுதியில், ஆறு வயதைத் தாண்டிய ஒவ்வொரு யூதரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ளும்படி கட்டளையாயிற்று. அடுத்த மாதமே, ஜூலை 16, 17 தேதிகளில், பாரிஸ் போலீஸார் அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 13,000 பேரைப் பிடித்தார்கள்; அவர்களில் 4,000க்கு மேற்பட்டோர் குழந்தைகள். யுத்தம் முடியுமுன் பிரான்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். மீண்டவர்கள் சில ஆயிரம் பேரே. முதலில் ஒரு பட்டியல், பிறகு ஓர் அடையாளம், அதன்பின் ரயில் என்று படிப்படியாகவே காரியம் நடந்தது. ஒவ்வொரு படியிலும் கையெழுத்துப் போட்டவர்கள் படித்த பெரியவர்கள். குழந்தைகளில் ஒருவரும் அந்தக் காகிதங்களைத் தொட்டதில்லை.

இதே பொருளில் நம் பிள்ளைகள் அதிகமாகப் பார்த்திருக்கும் படம், ஜான் பாயின் எழுதிய நாவலைத் தழுவி 2008இல் வெளிவந்த, கோடு போட்ட பைஜாமா அணிந்த சிறுவனின் கதை. முகாம் தலைவனின் மகனுக்கும் முள்வேலிக்கு அப்பாலிருக்கும் யூதச் சிறுவனுக்கும் ஏற்படும் நட்பைச் சொல்லும் அந்தப் படம் அழ வைக்காமல் விடாது. ஆனால் அது நடந்திருக்கக் கூடிய கதையன்று. ஆஷ்விட்ஸில் வந்திறங்கிய அந்த வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். வேலியருகே தனியே அமர்ந்து கதை பேச எவருக்கும் வாய்த்ததில்லை. ஆஷ்விட்ஸ் நினைவகத்தாரே, சரித்திரம் அறிய விரும்புவோர் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று 2020இல் சொன்னார்கள். அதைவிட முக்கியமாக, குழந்தையின் மாசற்ற தன்மையைப் போற்றிக் கண்ணீர் விட்டதும் நம் கடன் தீர்ந்துவிட்டது போன்ற ஒரு திருப்தியை அப்படிப்பட்ட கதைகள் தந்துவிடுகின்றன. லூயி மாலின் படம் அந்தத் திருப்தியைத் தருவதில்லை. அதில் வரும் பிள்ளைகள் மாசற்றவர்கள் அல்லர். பொறாமையும் குறும்பும் பயமும் உள்ளவர்கள். அவர்களுடைய சிநேகம் ஆழமானது. ஆனாலும் அதனால் ஒரு கதவைக்கூடத் தாழிட முடியவில்லை. நட்பு செய்வது பிள்ளைகளின் இயல்பு. அந்த நட்பு பிழைத்திருக்க இடம் செய்து தருவது பெரியவர்களின் கடமை. பாதிரியார் ழாக் அந்தக் கடமையைச் செய்தார். அவரைச் சுற்றியிருந்த ஒரு தேசத்தின் அதிகாரிகள் செய்யவில்லை. படத்தின் சாரம் இதுவென்று நான் கொள்கிறேன்.

இந்தக் கடமை பிரான்ஸுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1938 ஜூலையில் ஏவியான் நகரில் முப்பத்திரண்டு தேசங்கள் கூடி, ஓடிவரும் யூதர்களுக்கு இடம் தருவதைப் பற்றி விவாதித்து, அனுதாபத்தைத் தாராளமாகவும் இடத்தைக் குறைவாகவும் வழங்கிக் கலைந்தன. நம் பெங்களூருக்கும் அந்தச் சரித்திரத்தில் ஒரு சிறு அத்தியாயம் உண்டு. பிறப்பால் யூதர் என்பதற்காக 1933இல் கெட்டிங்கன் சர்வகலாசாலைப் பதவியை இழந்த பௌதிக மேதை மாக்ஸ் பார்னை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி.வி. ராமன், தாம் இயக்குநராக இருந்த இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அழைத்துவந்தார். 1935 – 36இல் சுமார் ஆறு மாதம் பார்ன் இங்கே இருந்தார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர ராமன் பாடுபட்டபோது, கழகத்துக் கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது; சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர் என்பதையே ஒரு குறையாக எடுத்துக்காட்டி ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் பேசினார். அன்று வீடு திரும்பித் தாம் கண்ணீர் விட்டதைப் பார்ன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர் எடின்பரோவுக்குப் போனார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். கதவைத் திறக்க ஒருவர் முயன்றார், சபை அதைச் சாத்திவிட்டது.

மூன்றாண்டு கழித்து அதே ஊரில் கதவு நன்றாகவே திறந்தது. பார்னின் மருமான் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர். நாஜிகளால் தொழிலை இழந்து எகிப்துக்கு ஓடியவர். மைசூர் சமஸ்தானம் 1939இல் அவரைத் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தது. விஞ்ஞானக் கழகத்தின் வளாகத்தில் அவர் வகுத்த கட்டடங்கள் நிற்கின்றன. பிற்காலத்தில் புவனேசுவரம் நகரின் அமைப்புத் திட்டத்தை வகுத்தவரும் அவரே. வாழ இடமில்லை என்று பிறந்த நாடு துரத்திய ஒரு மனிதர், வந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோர் வாழ இடம் வகுத்துக் கொடுத்தார். அபயம் அளிப்பது தானம் மட்டுமன்று, அளித்தவருக்கே அது செல்வமாகத் திரும்புகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்தப் படம் வெகு தூரத்து விஷயமாக இருக்க முடியாது. நாஜிகள் செய்த நிர்மூலத்துக்கு வேறொன்றை ஈடு சொல்வது முறையன்று. ஆனால் பட்டியலும் அடையாளமும் எப்படி வேலை செய்கின்றன என்பதை நாமும் அறிவோம். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. அதே கொழும்பில் சிங்கள அண்டை வீட்டார் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்தப் பெங்களூரில் கலகம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊரை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். கன்னடக் குடும்பங்கள் தங்களைத் தம் வீட்டில் வைத்துக் காத்ததைச் சொல்லும் மூத்த தமிழர்களும் இங்கே இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று கேட்ட வேளையில், என் வீட்டில் இருப்பவர்கள் என் மனிதர்கள் என்று சொன்ன அந்த அண்டை வீட்டார், பாதிரியார் ழாக்கின் இனத்தைச் சேர்ந்தவர்கள்.

ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல்லுக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது நான் வசிக்கும் சந்தாபுரா. பொம்மசந்திரா, ஜிகணி ஆலைகளுக்கு வேலை தேடி வந்தவர்களும், கணினிக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்ப்பவர்களும், பரம்பரையாக இந்த மண்ணில் ராகியும் ரோஜாவும் பயிரிட்டவர்களும் ஒரே தெருவில் குடியிருக்கும் ஊர் இது. மாலையில் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடுகையில் ஒருவன் கன்னடத்தில் பந்து கேட்கிறான், ஒருவன் தமிழில் ஆட்டமிழக்கவில்லை என்று வாதாடுகிறான், ஒடிசாவிலிருந்து வந்த மூன்றாமவன் இந்தியில் தீர்ப்பு சொல்கிறான். அந்தத் தீர்ப்பை மூவரும் ஏற்கிறார்கள். அதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவர்களிடம் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் வேறு: எந்த ஊர், எந்த ஜனம், என்ன சாப்பிடுவீர்கள். பிள்ளைகள் கேட்காத அந்தக் கேள்விகளை நாம் கேட்கும்போது, பக்கத்தில் நின்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துவேஷத்தை எந்தக் குழந்தையும் தானாகக் கற்பதில்லை. வீட்டு வாசலில் நாம்தான் கற்பிக்கிறோம்.

ஆகையால் பன்னிரண்டு வயது கடந்த பிள்ளைகளுக்கு, பெற்றோரும் ஆசிரியரும் இந்தப் படத்தை உடன் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்பது என் விண்ணப்பம். முகாம்களின் கோரம் எதுவும் இதில் இல்லை. சத்தமும் இரத்தமும் இல்லை. படம் முடிந்ததும், அந்தப் பையன்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று பேசிக் கலைந்துவிடாமல், படத்தில் வரும் ஒவ்வொரு பெரியவரையும் எடுத்துக்கொண்டு, அவர் என்ன செய்தார், வேறு என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளையே கேட்கச் செய்ய வேண்டும். உணவு விடுதியில் முதிய யூதர் ஒருவரைப் பிரெஞ்சுக் காவற்படையினர் வெளியேற்ற முனைந்தபோது, அவர்களை ஆதரித்துக் கத்தியவர்கள் யார், எதிர்த்தவர்கள் யார்? கள்ளச் சந்தைப் பண்டமாற்றில் பணக்காரப் பிள்ளைகளுக்கும் பங்கிருக்க, நொண்டிக் காலுடைய ஏழைச் சமையற்கட்டுப் பையனை மட்டும் வேலையிலிருந்து நீக்கினார்களே, அவன் மனம் கசந்து கெஸ்டாபோவிடம் போனதில் அந்த அநீதிக்குப் பங்கில்லையா? பாதிரியார் ழாக்கின் சாயலில் படத்தில் வரும் பாதிரியார் ழானைப் போன்ற நல்லவரே அந்தத் தண்டனையை விதித்தார் என்பதையும் படம் மறைக்கவில்லை. இவ்வாறு கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை ஒரு பட்டியல் தன் மேஜைக்கு வரும்போது, கையெழுத்திடுமுன் அதிலுள்ள பெயர்களைப் படித்துப் பார்க்கும்.

அப்படிப் படித்துப் பார்க்கும் அதிகாரிகளும், சபையில் தனித்து நின்றாலும் அகதிக்காக வாதாடும் பெரியவர்களும், கலவர நாளில் கதவைத் திறக்கும் அண்டை வீட்டாரும் ஒரு சமூகத்தில் போதுமான அளவு இருந்தால், இரண்டு சிறுவர்களின் சிநேகம் ஒரு பார்வையால் முறிந்துபோக வேண்டிய அவசியமே நேராது. அத்தகைய பெரியவர்களாக நாம் இருப்பதே, ஆவோன் பள்ளியிலிருந்து கொண்டுபோகப்பட்ட அந்த மூன்று பிள்ளைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.